ஆறு இலட்சம்

மூன்று பேரிடமும் சேர்த்து
ஆறு இலட்சம்தான் இருந்தது.
சஹ்மியாவின் உம்மா கிண்ணியாவில் விற்ற மாட்டுக்காசு,
டிலோஜனின் மோட்டார் சைக்கிள்,
என்னுடைய சீட்டு, அது காணாமல் ஒரு சோடிக் காப்பு.

இருபத்தெட்டு நாள்
ஒரே பெயரில், அசையாமல் கிடக்கவேண்டும் என்றது படிவம்.
ஆகவே தையில் காசு அவளுக்கு,
மாசியில் அவனுக்கு,
பங்குனியில் எனக்கு.
வங்கியில் காசாளர் அக்கா
மூன்றாம் முறை சிரித்தேவிட்டா:
"முதல்ல இந்தக் காசுக்கு ஒரு பாஸ்போட் எடுங்கோ,
நல்லாத் திரியுது."

இளையோருக்கான தற்காலிகத் தொழில் அனுமதி.
முப்பத்தொரு வயதுக்குக் கீழ்.
இருபத்துநான்கு மாதம், நீடிப்பில்லை.
நோக்கம்: அனுபவம் பெறுதல்.

உப்புவெளியில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில்
நான்கு சீசன் நின்றவள் நான்.
கரண்ட் போன இரவுகளில்
அறை அறையாய் மெழுகுதிரி கொண்டுபோனவள்.
சுழியோடப் போய்ப் பிந்திய ஒருவனுக்காகக்
கடலைப் பார்த்துப் பார்த்தே
அன்றைய கணக்கை முடித்தவள்.
இதெல்லாம் அனுபவமென்று எழுத
முத்திரை குத்திய கடிதம் வேணுமாம்.
முதலாளியிடம் முத்திரை இல்லை.
மாரியில் முதலாளியே இல்லை.

அந்த மேசைக்குத்தான் லின்னேயா வந்தாள், என் வயது.
இன்னொரு கண்டத்தில் பழம் பறிக்கும் அனுமதி அவளுக்கு
ஊஞ்சல் படுக்கையில் கிடந்தபடியே கிடைத்தது.
இளநீர் முடியவில்லை, பதில் வந்துவிட்டது.
வைஃபை கடவுச்சொல்லை
எழுத்தெழுத்தாய்ச் சொன்னது நான்.

பதினாறாம் கேள்வி:
நீர் திரும்பி வருவீர் என்பதற்கு என்ன ஆதாரம்?

காணி உறுதி இருக்கிறது.
காணிக்குள் முகாம் இருக்கிறது.
அம்மாவுக்குச் சர்க்கரை என்று எழுதலாம்;
அதையே ஓடிப்போகக் காரணமென்று
எண்ணிவிட்டால்?

பங்குனி முடிய மேற்குக் கரையிலிருந்து
வாடிக்காரர் வருவார்கள்,
ஐப்பசியில் வலை சுருட்டிப் போவார்கள்.
கூரைத் தகரத்தையும் கழற்றிக்கொண்டு போகிறவர்கள்
அடுப்புக்கல் மூன்றையும் விட்டுவிட்டுத்தான் போவார்கள்.
இதைப் பதினாறாம் கேள்விக்குக் கீழே எழுத
இடம் காணாது.

சஹ்மியாவுக்கு மாசிக் கடைசியில் வந்தது, இல்லை என்று.
ஒரு வரி. அவள் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.
டிலோஜனுக்குப் பங்குனியில் வந்தது, ஓம் என்று.
அன்று காசு என் கணக்கில்
பத்தொன்பதாம் நாள்.

ரிக்கெற், குளிர் ஜக்கெற், போன உடன் கட்டவேண்டிய வாடகை.
அவன் கேட்கவில்லை.
வெறும் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தான்,
சீனி எப்போதோ கரைந்துவிட்டது.
"ஒராளாவது போகட்டும்" என்றாள் சஹ்மியா,
என்னைப் பார்க்காமல்.
எனக்குக் கோபம் வந்தது.
இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.
மறுநாள் காசை எடுத்தபோது
காசாளர் அக்கா சிரிக்கவில்லை.

கொழும்பு பஸ் இரவு பத்துக்கு.
பஸ் நிலையத்து மான்கள் வழமைபோல
குப்பைக்குள் மூக்கை விட்டபடி.
சஹ்மியா தன் கடிதத்தை ஒன்றிடம் நீட்டினாள்.
மோந்து பார்த்தது,
பிறகு வாழைப்பழத் தோலுக்குப் போய்விட்டது.
மூன்று பேரும் சிரித்தோம், அளவுக்கு மிஞ்சி,
நடத்துனர் திரும்பிப் பார்க்கும்வரை.

இப்போது அவனுக்கும் ஒரு ஹோட்டலில் இரவு மேசை.
"இஞ்ச கரண்ட் போறதே இல்லை" என்று அனுப்புகிறான்,
"விடிய எட்டு மணியாகுது."
முதல் மாதம் நாற்பதாயிரம் வந்தது.
மற்ற மாதம் வரவில்லை.
எனக்கு இன்னும் நான்கு வயது இருக்கிறது,
சஹ்மியாவுக்கு ஒன்றரை.

விற்ற மோட்டார் சைக்கிளின் ஹெல்மெற்
எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது.
அவன்தான் மாட்டிவிட்டுப் போனான்,
ஏனென்று சொல்லவில்லை.
உள்ளே ஒரு குளவி
மண் கொண்டுவந்து கூடு கட்டத் தொடங்கியிருக்கிறது.
படம் எடுத்து அனுப்பினேன்.
அங்கே நடுச்சாமம்.
உடனே பதில் வந்தது:
கலைச்சுப் போடாதை.